யாரை முதலில் இறக்குவது: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தொடக்க ஆட்டக்காரர் தேர்வு

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் தொடக்க ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பது, பயிற்சிக் களத்தில் கண்டதைக் கொண்டு போட்டிக் களத்தில் நடக்கவிருப்பதை முன்கூட்டியே கணிக்கும் முயற்சியாகும். பெரும்பாலான இடங்களுக்கு இம்முயற்சி மிகுந்த நேர்த்தியோடு நடக்கிறது, ஆனால் அணியின் வெற்றி தோல்வி பெரிதும் சார்ந்திருக்கும் ஓரிடத்தில் அது தடுமாறுகிறது. இங்குப் பேசப்படும் கால்பந்து, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்க விளையாட்டு. தாக்குவதற்குப் பதினொருவரும் தடுப்பதற்கு வேறு பதினொருவரும் இறங்குவதால் ஓர் அணிக்கு 22 தொடக்க ஆட்டக்காரர்கள் வேண்டும். வீரர்களுக்கு வருவாயில் பங்கு தரும் ஏற்பாட்டில் 2025இல் சேர்ந்த கல்லூரிகளின் அணிகளில் 105 பேர் வரை இருக்கலாம் என்பதால், எஞ்சியவர்கள் ஓரத்தில் நின்று காத்திருப்பவர்களே.

ஒவ்வோர் இடத்துக்கும் முதலாமவர், இரண்டாமவர், மூன்றாமவர் யார் என்று வரிசைப்படுத்தும் பட்டியலுக்கு ‘டெப்த் சார்ட்’ என்று பெயர். பயிற்சியாளரால் முடிவுக்கு வர இயலாதபோது இரு பெயர்களுக்கு நடுவே ‘அல்லது’ என்ற சொல்லே அச்சாவதும் உண்டு. இப்பட்டியலுக்குப் பின்னால் பொறுமையான உழைப்பு இருக்கிறது. ஆட்டம் சில விநாடிகளே நீளும் ‘பிளே’ எனப்படும் சிறு முயற்சிகளாக நடப்பதால், ஒவ்வொரு பிளேயையும் ஒளிப்பதிவில் தனியே நிறுத்திப் பார்க்க முடிகிறது. தாக்கும் வரிசையில் நிற்பவர், பந்து அசைந்த கணத்தில் எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தார், எதிராளியின் மார்பில் கையை எந்த உயரத்தில் பதித்தார், விசில் ஊதும்வரை தள்ளிக்கொண்டே இருந்தாரா என்று அவ்விடத்துக்குரிய துணைப் பயிற்சியாளர் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து, கூட்டல் குறியோ கழித்தல் குறியோ இட்டு, நாள் முடிவில் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் தருகிறார்.

இம்முறையின் பெருமை, வந்தவர் யார் என்பதைவிடச் செய்தது என்ன என்பதை அது முன்னிறுத்துகிறது என்பதே. கல்வி உதவித்தொகை எதுவுமின்றித் தாமாக வந்து அணியில் சேர்பவரை ‘வாக்-ஆன்’ என்பர். அப்படி டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பேக்கர் மேஃபீல்டு 2013இல் முதலாண்டு மாணவராகவே பருவத்தின் முதல் ஆட்டத்தில் இறக்கப்பட்டார். பின்னர் ஓக்லஹோமாவுக்குச் சென்ற அவர், ஆண்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குரிய ஹைஸ்மன் விருதை 2017இல் பெற்றார். மதிப்பெண் தாளில் பெயரைவிடச் செயலுக்கு எடை கூடுதலாக இருந்திராவிட்டால் அவருக்கு முதல் வாய்ப்பே கிடைத்திராது.

ஆனால் இந்த அளவுகோல் குவாட்டர்பேக் என்னும் இடத்துக்கு வரும்போது குறுகிவிடுகிறது. ஒவ்வொரு பிளேயிலும் பந்தை முதலில் கையில் வாங்கி, எறிவதா, கைமாற்றுவதா, தாமே ஓடுவதா என்று இரண்டு மூன்று விநாடிகளுக்குள் முடிவெடுப்பவர் குவாட்டர்பேக். அவர் காயமுற்றால் பருவமே பாழாகும் என்பதால், பயிற்சியில் அவருக்கு வேறு நிறச் சட்டை அணிவிக்கப்படுகிறது. அச்சட்டைக்காரரை யாரும் மோதி வீழ்த்தக் கூடாது, தடுப்பவர் எட்டிப் பிடிக்கும் தொலைவுக்கு வந்ததுமே விசில் ஊதப்பட்டுவிடும். இந்த முன்னெச்சரிக்கை முற்றிலும் நியாயமானது. ஆயினும், நூற்றிருபது கிலோ எடையுள்ள ஒருவர் பாய்ந்து வரும்போது பார்வையை அவர்மேல் திருப்பாமல், இருபது கெஜத்துக்கு அப்பால் ஓடிக்கொண்டிருக்கும் தோழரின் மேலேயே வைத்திருக்க முடிகிறதா என்பதுதான் இவ்விடத்துக்குரிய முதன்மையான தகுதி. பயிற்சி அளக்காமல் விடுவதும் சரியாக அதையே. எறியும் துல்லியம், திட்டத்தை மனத்தில் இருத்தல், காலடியின் ஒழுங்கு ஆகியவை அளக்கப்படுகின்றன. அளக்கப்படாதது ‘தலைமைப் பண்பு’, ‘நிதானம்’ என்ற பொதுச் சொற்களுக்குள் அடைக்கப்படுகிறது.

அளவுகோலில்லாத பொதுச் சொல்லுக்குள் எதுவும் ஒளிந்துகொள்ள முடியும் என்பதற்கு வரலாறே சான்று. மின்னசோட்டாவின் சாண்டி ஸ்டீவன்ஸ் 1960இலேயே தம் அணியைத் தேசிய முதன்மைக்கு இட்டுச் சென்றிருந்தும், கறுப்பின இளைஞர்கள் இந்த இடத்தின் ‘சிந்தனை வேலைக்கு’ ஏற்றவர்கள் அல்லர் என்ற எண்ணம் நீடித்தது. அவர்களுள் பலர் பந்தைப் பிடிக்கும் இடத்துக்கோ தடுக்கும் வரிசைக்கோ மாற்றப்பட்டனர். தென்கிழக்கு மாநிலங்களின் பெருங்கல்லூரிகள் அடங்கிய கூட்டமைப்பில் ஒரு கறுப்பினக் குவாட்டர்பேக் தொடக்க ஆட்டக்காரராக இறங்கியது, டென்னசியின் கான்ட்ரெட்ஜ் ஹாலவே வழியாக, 1972இல்தான். எத்தனை ஒளிப்பதிவு மதிப்பெண்கள் இருந்தாலும், கடைசிச் சொல் உள்ளுணர்வுக்கு விடப்படும்போது அந்த உள்ளுணர்வு யாருடையது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது.

இன்னொரு குறை இதைவிட அமைதியானது, அதனாலேயே கவனிக்கப்படாதது. பயிற்சி நேரத்துக்கு வரம்புண்டு: பருவத்தின்போது வாரத்துக்கு 20 மணி நேரம், இளவேனிற் காலத்தில் 15 அமர்வுகள். இந்தச் சிறு நேரத்தில் முதல் அணியோடு நின்று பந்தெறியும் வாய்ப்புகளுள் பெரும்பங்கு, பட்டியலில் முதலாமவராக உள்ளவருக்கே போகிறது. இரண்டாமவர் இரண்டாம் தரத் தடுப்பாளர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று, இரண்டாம் தரப் பந்துபிடிப்பவர்களுக்கு எறிகிறார். பிறகு இருவரின் மதிப்பெண்களும் ஒரே தாளில் அருகருகே வைத்து ஒப்பிடப்படுகின்றன. தொடக்கத்தில் நூலிழையாக இருந்த வேறுபாடு ஒரு மாதத்தில் உண்மையான வேறுபாடாகவே வளர்ந்துவிடுவதால், முதல் முடிவு தன்னைத்தானே மெய்ப்பித்துக்கொள்கிறது.

ஆகவே இரண்டாமவரின் ஆற்றல் பலமுறை வெளிப்பட்டது முதலாமவரின் காயத்தால்தான். ஒஹாயோ ஸ்டேட் அணியில் 2014ஆம் ஆண்டுப் பருவம் தொடங்குமுன் பிராக்ஸ்டன் மில்லரும், நவம்பரில் ஜே.டி. பாரெட்டும் காயமுற்ற பிறகே மூன்றாமவரான கார்டேல் ஜோன்ஸுக்கு இடம் கிடைத்தது. தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய முதல் ஆட்டத்தில் விஸ்கான்சினை 59-0 என்று வென்ற அவர், அடுத்த இரண்டில் அலபாமாவையும் ஓரிகனையும் வென்று தேசியப் பட்டத்தைக் கொண்டுவந்தார். ஜார்ஜியாவில் வாக்-ஆனாகத் தொடங்கிய ஸ்டெட்சன் பென்னட், உயர்ந்த தர மதிப்பீட்டோடு வந்த ஜே.டி. டேனியல்ஸ் 2021இல் காயமுற்றபின் இடம்பிடித்து, அடுத்தடுத்து இரு தேசியப் பட்டங்களை வென்றார். பல மாதத் தேர்வு காட்டித்தராததை பாரெட்டின் கணுக்கால் முறிவு காட்டித்தந்தது என்றால், அத்தேர்வு முறையை நடத்துவோர் அதை நற்பேறு என்று கடந்துபோகக் கூடாது.

இருப்பினும் விளைவைக் கொண்டு முடிவைத் தீர்ப்பதும் பிழையே. 2018 ஜனவரி 8 அன்று அட்லாண்டாவில் நடந்த தேசியப் பட்டத்துக்கான இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது அலபாமா 0-13 என்று பின்தங்கியிருந்தது; பயிற்சியாளர் நிக் சேபன், இரண்டு பருவங்களாக வெற்றிமேல் வெற்றி தந்த ஜேலன் ஹர்ட்ஸை ஓரத்தில் அமர்த்திவிட்டு, முதலாண்டு மாணவரான துவா டாகோவைலோவாவை இறக்கினார்; கூடுதல் நேரத்தில் 41 கெஜ எறிதலால் அலபாமா 26-23 என்று வென்றது. அன்றிரவு ஹர்ட்ஸ் தகுதியற்றவராகிவிடவில்லை: பின்னாளில் தொழில்முறை ஆட்டத்தின் சூப்பர் பவுலை வென்றவரும் அவரே. இதைவிடக் கூர்மையானது ஜோ பரோவின் நிலை. 2018இல் ஒஹாயோ ஸ்டேட் டுவெய்ன் ஹாஸ்கின்ஸை முன்னிறுத்தியதும் பரோ லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 2019இல் ‘டச்டவுன்’ எனப்படும் புள்ளி ஈட்டும் எறிதல்கள் 60ஓடு ஹைஸ்மன் விருதும் தேசியப் பட்டமும் பெற்றார். ஆனால் ஹாஸ்கின்ஸும் தம் ஒரே தொடக்கப் பருவத்தில் 50 டச்டவுன்கள் எறிந்தவர். இங்குத் தவறான தெரிவு என்று எதைச் சொல்வது? ஒருவருக்கு மட்டுமே இடமுள்ள வேலையில் இருவர் தகுதியாக இருப்பதும், ஒருவர் விலக நேர்வதும் பட்டியலின் பிழையல்ல.

விலகுவது இப்போது எளிதாகிவிட்டது என்பதே பயிற்சியாளரின் கணக்கை மாற்றிய பெரிய நிகழ்வு. அணி மாற விரும்புவோர் தம் பெயரைப் பதியும் ‘டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்’ 2018இல் வந்தது. அதே ஆண்டில், நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அப்பருவம் மாணவர் ஆட அனுமதிக்கப்பட்ட பருவங்களின் கணக்கில் சேராது என்ற விதியும் வந்தது. அவ்வாண்டு கிளெம்சன் பயிற்சியாளர் டாபோ ஸ்வினி, அதுவரை நடந்த நான்கு ஆட்டங்களிலும் வென்றிருந்த கெல்லி பிரையன்ட்டைக் கீழிறக்கிவிட்டு டிரெவர் லாரன்ஸைத் தொடக்க ஆட்டக்காரராக அறிவித்தார். பிரையன்ட் விலகினார், அந்த வாரமே சிரக்யூஸுக்கு எதிராக லாரன்ஸ் காயமுற்று வெளியேற, மூன்றாமவராக இருந்த சேஸ் பிரைஸ் 94 கெஜம் அணியை நகர்த்தி 27-23 என்று காப்பாற்றினார். கிளெம்சன் அப்பருவத்தைத் தோல்வியின்றி முடித்துப் பட்டம் வென்றது உண்மை. ஆனால் முடிவை அறிவிக்காமல் ‘அல்லது’ என்றே ஒத்திப்போட்டிருந்தால் பிரையன்ட் தங்கியிருக்கக்கூடும், தம் பருவத்தை இழந்துமிருப்பார். ஸ்வினி நேர்மையைத் தேர்ந்தார்; அதற்கான விலையை ஒரு பிற்பகல் முழுவதும் அஞ்சி அஞ்சிக் கொடுத்தார்.

வருவாய்ப் பங்கு வந்தபின் பணமும் பட்டியலுக்குள் நுழைந்துள்ளது. தொழில்முறைக் கூடைப்பந்தை ஆய்ந்த பாரி ஸ்டாவும் ஹா ஹோங்கும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், அணிகள் புதியவர்களை முறைவைத்துத் தெரிவு செய்யும் ‘டிராஃப்ட்’டில் முன்னதாகத் தெரிவு செய்யப்பட்ட ஆட்டக்காரர்கள், ஆட்டத் திறனைக் கழித்துப் பார்த்தாலும், கூடுதல் நேரம் ஆடவிடப்பட்டனர் என்று கண்டனர். செலவழித்ததை வீணென்று ஒப்புக்கொள்ள நிர்வாகத்துக்கு மனம் வருவதில்லை. பெருந்தொகைக்கு வரவழைத்த குவாட்டர்பேக்கை வாக்-ஆன் ஒருவர் மிஞ்சும் நாளில், மதிப்பெண் தாளின் சொல் எடுபடுமா என்ற ஐயம் நியாயமானது. தெரிவு பொய்த்துப் பயிற்சியாளர் நீக்கப்பட்டால் ஒப்பந்தத்தில் இழப்பீடு உண்டு. ஆனால் சில பருவங்கள் மட்டுமே ஆட அனுமதியுள்ள மாணவருக்கு வீணான ஒரு பருவத்தை ஈடுசெய்வார் யாருமில்லை. ஆகவே இளவேனில் அமர்வுகளில் பாதியையாவது, இரு போட்டியாளர்களும் அதே முதல் வரிசையோடு சம எண்ணிக்கையில் ஆடும்படி ஒதுக்க வேண்டும். கூட்டலும் கழித்தலும் இட்ட தாளைத் தோற்றவரின் கையில் கொடுத்து, எந்தப் பிளேயில் எது குறைந்தது என்று எதிரே அமர்ந்து விளக்கவும் வேண்டும், அதுவும் அவர் வேறு கல்லூரியைத் தேட நாள் மிச்சமிருக்கும்போதே.