'-ஆர்' என்றொரு ஃபோல்டர்

லினக்ஸில் கோப்பை அழிக்கும் ஆர்எம் கட்டளைக்கு குனு திட்டத்தார் எழுதிய கையேட்டுப் பக்கத்தை, நல்ல பக்கம் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். பெயர் கழித்தல் குறியில் தொடங்கினால் என்ன செய்வது என்பதற்கு அதில் சுருக்கமாக விடை இருக்கிறது: பெயருக்கு முன்னால் தனியாக -- போடு, அல்லது பெயரோடு ./ சேர். விடை சரி. ஆனால், பெயர் நமக்கு முன்கூட்டியே தெரியும் என்று அந்தப் பக்கம் நினைத்துக்கொள்கிறது. அங்கேதான் எனக்குச் சண்டை.

திருப்பூரில் ஒரு பிரிண்டிங் பட்டறை. பனியனில் அடிக்கிற டிசைன்கள் எல்லாம் லினக்ஸ் சர்வரில். பையர் திருத்தம் சொன்ன டிசைன்களைப் போட்டு வைக்க யாரோ விண்டோஸ் கணினியிலிருந்து ஒரு ஃபோல்டர் திறந்திருக்கிறார்கள். பெயர், ஒரு கழித்தல் குறியும் பெரிய எழுத்து ஆரும். 'ரிவைஸ்டு'வாம். டிசைனர் தம்பி பழைய கோப்புகளைக் கழிக்க 'ஆர்எம் *' என்று அடித்தார்.

"ஃபோல்டரை அது தொடாதுன்னு நீங்கதானுங்கண்ணா சொன்னீங்க?" என்று ஃபோனில் கேட்டார். சொன்னேன்தான்.

நட்சத்திரத்தை விரிப்பது ஆர்எம் அல்ல, ஷெல். விரித்த பட்டியலில் -ஆர் இருந்தது. ஆர்எம்முக்கு அது பெயரல்ல, 'உள்ளே இறங்கி எல்லாவற்றையும் அழி' என்ற உத்தரவு. கலர் செபரேஷன் ஃபோல்டர்கள் அத்தனையும் போய்விட்டன. மிஞ்சியது அந்த -ஆர் ஒன்றுதான், அதைத்தான் உத்தரவாக எடுத்துக்கொண்டதே!

மேற்கோளுக்குள் போட்டால் சரியாகும் என்று சிலர் சொல்வார்கள். ஆகாது. மேற்கோளை ஷெல் உரித்துவிட்டுத்தான் கொடுக்கும். -- நல்லதுதான், ஆனால் எல்லாக் கட்டளையும் அதை மதிப்பதில்லை. எக்கோ அதை அப்படியே அச்சடித்துவிடும். ./ பெயரையே மாற்றிவிடுவதால் எங்கும் செல்லும். கையேடு முதலில் சொல்லியிருக்க வேண்டியது 'ஆர்எம் -ஐ ./*' என்ற ஒன்றைத்தான். ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு அழிக்கும். சலிப்பாக இருக்கும், இருக்கட்டும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இதுவும் போதாது. 'கொங்கு' என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. லினக்ஸ் பொதுவாகப் பைட்டுகளைத்தான் ஒப்பிடும். கண்ணெதிரே இருக்கிற கோப்பை 'இல்லை' என்று சொல்லும். பழைய மேக் கணினிகள் பெயரைப் பிரித்தே சேமித்தன, அங்கிருந்து வரும் கோப்புகளில் இந்தத் தொல்லை அதிகம்.

அப்போது பெயரை விட்டுவிட்டு ஐநோடு எண்ணைப் பிடிக்க வேண்டும். 'எல்எஸ் -எல்ஐ' அந்த எண்ணைக் காட்டும். பிறகு ஃபைண்டில் -எக்ஸ்டெவ், -ஐநம் கொடுத்து, முதலில் அழிக்காமல் வெறுமனே பார்க்க வேண்டும். சரியான கோப்புதான் என்றால் அதே வரியின் கடைசியில் -டிலீட். கடைசியில் என்பதை அடிக்கோடிடுகிறேன்: ஃபைண்ட் இடமிருந்து வலமாகப் படிக்கும், -டிலீட் முன்னால் வந்தால் எண்ணைப் பார்க்கும் முன்பே கீழிருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடும்.

பேக்கப் ஒரு வாரம் பழசு. விடுபட்ட செபரேஷன்களைத் தம்பி இரண்டு ராத்திரி உட்கார்ந்து திரும்பப் போட்டார். நான் போய்ச் செய்த முதல் வேலை, 'எம்வி ./-ஆர் திருத்தியது'.