வேயி நகரத்து ஜூனோ தலையசைத்தாளா?

நம் சங்க மலர்களில் ரோமாபுரி என்றால் மிளகும் பொற்காசும் யவனரும்தான் வருவார்கள். நானும் பாத்திர வியாபாரி. காசு பற்றி எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தத் தடவை ரோமானியரின் வேறொரு பேரேட்டைப் புரட்டிப் பார்க்க விரும்புகிறேன். போரில் ஜெயித்த ஊரின் சாமிகளை அவர்கள் என்ன செய்தார்கள்?

பலரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. ரோமானியர் பரந்த மனசுக்காரர்கள், தோற்றவன் தெய்வத்தையும் சேர்த்துக் கும்பிட்டவர்கள் என்பார்கள். ரோமப் பேரரசின் வீழ்ச்சி பற்றிய தம் பெருநூலின் முதல் பாகத்தை 1776-இல் வெளியிட்ட கிப்பன் இந்தக் கருத்துக்குப் பெரிய கௌரவம் தேடிக் கொடுத்தார். இதில் உண்மை இல்லாமல் இல்லை. தோற்ற ஜனங்கள் தங்கள் பழைய சாமியைக் கும்பிடுவதைப் பெரும்பாலான இடங்களில் ரோம் தடுக்கவில்லை. ஆனால் கிப்பனோடு நின்றுவிடாமல் ரோமானியரே எழுதி வைத்ததைப் படித்தால் விஷயம் அத்தனை இனிப்பாக இல்லை.

லிவியின் சரித்திரத்தில் ஐந்தாம் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். லத்தீன் எனக்கு வராது, மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். ரோமுக்கு வடக்கே சுமார் 16 கிலோமீட்டரில் வேயி என்ற எத்ருஸ்க நகரம். மரபுக் கணக்குப்படி பத்து வருஷ முற்றுகைக்குப் பிறகு கி.மு. 396-இல் காமில்லஸ் என்ற தளபதி அதைப் பிடித்தான். கடைசித் தாக்குதலுக்கு முன்னால் அவன் எதிரி ஊரின் காவல் தெய்வமான ஜூனோவையே வேண்டிக்கொள்கிறான்: ஜெயித்த எங்களோடு ரோமுக்கு வந்துவிடு, உன் பெருமைக்கு ஏற்ற கோயில் அங்கே காத்திருக்கிறது என்று. லத்தீனில் இந்தச் சடங்குக்கு எவொகாட்டியோ என்று பெயர். வெளியே வரும்படி அழைத்தல் என்று பொருள் சொல்லலாம்.

ஊர் விழுந்தது. பொறுக்கி எடுத்த இளைஞர்கள் குளித்து, வெள்ளை உடுத்து, பயபக்தியோடு கோயிலுக்குள் போனார்கள். அந்தச் சிலையைத் தொடும் உரிமை ஒரு குறிப்பிட்ட வம்சத்துப் பூசாரிக்கு மட்டுமே இருந்தது. நம்ம ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இளைஞர்களில் ஒருவன், ரோமுக்கு வர உனக்குச் சம்மதமா என்று கேட்டானாம். அம்மன் தலையசைத்தாள் என்று மற்றவர்கள் கூவினார்களாம். லிவி கெட்டிக்காரர். அந்தப் பையன் அருள் வந்து கேட்டானோ, வாலிபக் குறும்பில் கேட்டானோ என்று ஒரு சந்தேகத்தைச் செருகிவிட்டுத்தான் நகர்கிறார். சிலை அவெண்டைன் குன்றுக்குப் போயிற்று. கி.மு. 392-இல் கோயிலும் எழும்பியது. சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார்கள்.

பக்திக் கதையாக இதைப் படிப்பவர்கள் அதே அத்தியாயத்தின் ஆரம்பத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அங்கே என்ன இருக்கிறது? ஊர் பிடிபட்ட மறுநாள், வேயியின் சுதந்திரக் குடிமக்களைக் காமில்லஸ் அடிமைகளாக ஏலம் விட்டான். மற்ற கொள்ளை எல்லாம் சிப்பாய்களுக்குப் போக, பொதுக் கஜானாவுக்கு வந்தது இந்த ஏலப் பணம் மட்டும்தான். முதலில் ஜனங்கள் சந்தைக்கு. அப்புறம் அம்மனிடம் சம்மதம். அவளிடம் கேட்டார்கள். அவளைக் கும்பிட்டவர்களிடம் கேட்கவில்லை. சிலையைத் தொடும் உரிமை இருந்த அந்தப் பூசாரி பற்றி லிவி மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசுவதில்லை.

லிவி சம்பவத்துக்கு 350 வருஷத்துக்கும் மேல் கழித்து எழுதியவர், கதை கட்டியிருக்கலாம் என்று யாராவது சொல்லக்கூடும். அதற்குக் கல்லே சாட்சி இருக்கிறது. இன்றைய துருக்கியில் இருந்த பழைய இசௌரா என்ற ஊரை செர்வீலியஸ் என்ற தளபதி கி.மு. 75 வாக்கில் பிடித்தான். அவன் வெட்டி வைத்த கல்வெட்டு 1970-களில் அறிஞர் உலகுக்குத் தெரியவந்தது. எதிரிகளை வென்றது, ஊரைப் பிடித்தது, கைதிகளை விற்றது, அந்த ஊரைக் காத்த தெய்வம் ஆணோ பெண்ணோ அதற்கு நேர்ந்த நேர்த்திக்கடனைத் தீர்த்தது, எல்லாம் ஒரே மூச்சில் வருகிறது. சாமியின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது, கடன் மட்டும் பாக்கி நிற்கக் கூடாது!

இது விருந்தோம்பல் அல்ல, போர்த் தந்திரம் என்பதற்கு இன்னொரு சான்று. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய மக்ரோபியஸ், கார்த்தேஜ் போரோடு சம்பந்தப்பட்ட அழைப்பு மந்திரத்தைப் பாதுகாத்துத் தந்திருக்கிறார். கோயிலும் விழாவும் தருகிறோம், ஊரைக் கைவிட்டு வா என்கிறது அது. அதை அடுத்து, தெய்வம் போன ஊரைச் சபிக்கும் மந்திரம். ரோம் தன் சொந்தக் காவல் தெய்வத்தின் பெயரை ரகசியமாக வைத்திருந்தது என்றும் அவரே சொல்கிறார். யாராவது இதே வேலையை நமக்குக் காட்டிவிட்டால்? இது ஆயுதம் என்று தெரிந்தவன்தான் தன் வீட்டில் ஒளித்து வைப்பான்.

எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பிரிட்டனில் பாத் நகரத்து வெந்நீர் ஊற்றில் சூலிஸ் என்ற உள்ளூர்த் தெய்வத்தை மினெர்வாவோடு இணைத்தார்கள். பொருளைத் திருட்டுக் கொடுத்தவர்கள் திருடனைத் தண்டிக்கச் சொல்லி ஈயத் தகட்டில் எழுதி ஊற்றில் போட்டார்கள். அப்படிக் கிடைத்தவை சுமார் 130. பலவற்றில் சூலிஸ் பெயர் இருக்கிறது. இங்கே அம்மனும் பிழைத்தாள், பக்தர்களும் பிழைத்தார்கள்.

ஆனால் பக்தர்கள் கூட்டமாகச் சேர்ந்தால் ரோமுக்கு வயிற்றைக் கலக்கும். தென் இத்தாலியில் கிரேக்கர் வழியாகப் பரவிய பாக்கஸ் வழிபாட்டை கி.மு. 186-இல் செனட் சபை நெரித்தது. அந்த ஆணையின் வெண்கலத் தகடு இன்று வியன்னாவில் இருக்கிறது. விசேஷ அனுமதி இல்லாமல் ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது, அதிலும் ஆண்கள் இரண்டுக்கு மேல் ஆகாது, பொதுநிதி வைக்கவே கூடாது. நம்ம சங்கம் அன்றைக்கு ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது.

அழைத்துப் போகச் சிலையே இல்லாத தெய்வத்தை என்ன செய்வது? கி.பி. 70-இல் ஜெருசலேம் கோயில் எரிந்தது. அதன் குத்துவிளக்கு ஊர்வலத்தில் போவதை ரோமில் டைட்டஸ் வளைவில் இன்றும் பார்க்கலாம். எனக்கு விளக்கைவிட வரிதான் உறுத்துகிறது. யூத ஆண்கள் வருஷாவருஷம் தங்கள் கோயிலுக்கு அரை ஷெக்கேல் கட்டி வந்தார்கள். கோயில் போனபின் வெஸ்பாசியன் அந்தக் காணிக்கையை விட்டுவிடவில்லை. பெண்கள், குழந்தைகள் மேலும் விதித்து, ரோமின் ஜுபிடர் பெயரில் வரவு வைத்தான். டொமிஷியன் காலத்தில் வசூல் கொடுமையானது. கி.பி. 96-இல் பட்டத்துக்கு வந்த நெர்வா ஒரு காசு அடித்தான். என் தொழிலுக்குச் சொந்தமான பித்தளை. ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் பேரீச்ச மரம். யூத வரியின் பேரில் நடந்த பொய்ப் புகார்கள் நீக்கப்பட்டன என்று சுற்றிலும் எழுத்து. புகார்கள்தான் நீங்கின. வரி தொடர்ந்தது.