ஆடிட் ஆன கணக்கு

போன ஜூன் மாதம் பையனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிவிட்டு வெளியே வந்தபோது கையில் இரண்டு சீட்டு இருந்தது. ஒன்று அச்சடித்த ரசீது. மற்றது எண் இல்லாத வெள்ளைச் சீட்டு. "ஆக்டிவிட்டி" என்று பேனாவில் எழுதி, கீழே தொகை. இரண்டாவது தொகை ஒன்றும் சின்னது இல்லை. திரும்பப் போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் பொறுமையாகத்தான் சொன்னார்: "எல்லாம் ஆடிட் ஆன கணக்கு சார்."

பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். வேலப்பன்சாவடி பக்கம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். என் பிரச்சினை அந்த ஒரு வாக்கியத்தோடுதான்.

நான் ஆடிட்டர் இல்லை. பி.இ. முடித்து இருபது வருஷமாக சாஃப்ட்வேர் எழுதுகிறவன். "டெஸ்ட் பண்ணியாச்சு" என்று யாராவது சொன்னால் எங்கள் வேலையில் அடுத்த கேள்வி தானாக வரும்: யார் டெஸ்ட் பண்ணினது, எழுதினவரேவா? பள்ளிக் கணக்கில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் அழுத்திச் சொல்லவும் இல்லை.

ஆண்டு முடிந்தபின் ஆடிட்டர் வந்து பார்ப்பது புறத்தணிக்கை. எழுதிய கணக்குக்கு வவுச்சர் இருக்கிறதா, வங்கியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். எழுதாத கணக்கைத் தேடிப் போவது அவருடைய முதல் வேலை இல்லை. அகத்தணிக்கை வேறு ரகம். பணத்தை வாங்குகிறவரும் பதிவு செய்கிறவரும் ஒரே ஆளா, கொள்முதலுக்கு யார் ஒப்புதல் தந்தார், அந்தக் கடை யாருடையது என்று வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்பது அது. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 138ஆவது பிரிவு குறிப்பிட்ட அளவுக்கு மேலான கம்பெனிகளுக்கு அகத்தணிக்கையைக் கட்டாயமாக்கியது. பட்டியலிடாத தனியார் கம்பெனி என்றால் 200 கோடி ரூபாய் விற்றுமுதல், அல்லது 100 கோடி கடன் தாண்டினால் அகத்தணிக்கையாளர் வைத்தே ஆகவேண்டும். பள்ளியை நடத்துவது அறக்கட்டளை அல்லது சங்கம். அதற்கு இந்தப் பிரிவு பொருந்தாது. எத்தனை கிளை, எத்தனை பஸ் ஓடினாலும் சரி.

நம்மூரில்தான் கட்டணக் கமிட்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 2009இல் தமிழ்நாடு தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்தச் சட்டம் கொண்டுவந்தது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் கமிட்டி. நீதிபதி கே.கோவிந்தராஜன் கமிட்டி 2010இல் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குக் கட்டணம் நிர்ணயித்தபோது நடந்த ரகளை பலருக்கு நினைவிருக்கும். அந்தச் சட்டத்தை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். கூடுதலாக வாங்கினால் சிறைத்தண்டனை வரை போகலாம் என்று எழுதிவைத்த சட்டம் அது.

ஆனால் அதன் கணக்கு முறையைப் பாருங்கள். பள்ளி இருக்கும் இடம், வசதிகள், நிர்வாக, பராமரிப்புச் செலவு, வளர்ச்சிக்கு நியாயமான உபரி. இவற்றை வைத்துக் கட்டணம் வரும். செலவு கூடக் காட்டினால் கட்டணம் கூடும். செலவைக் குறைத்த பள்ளிக்கு என்ன பரிசு? குறைந்த கட்டணம். தாளாளரின் உறவினர் நிலத்துக்கு வாடகை, உறவினரின் ஏஜென்சியிலிருந்து பஸ், சீருடை, நோட்டு என்று எழுதினால் எல்லாவற்றுக்கும் வவுச்சர் பக்காவாக இருக்கும். ஆடிட்டரும் கையெழுத்துப் போடுவார், அதில் பொய்யும் இருக்காது. வாடகைச் சீட்டு உண்மை, பணம் போனது உண்மை. அந்த வாடகை நியாயமானதா என்பதுதான் கேள்வி.

இதில் எனக்கு வேடிக்கையாகப் பட்ட ஒரு விஷயம். இந்தக் கேள்வியை அரசாங்கம் ஏற்கெனவே ஒரு இடத்தில் கேட்கிறது. வருமான வரி விலக்கு பெறும் அறக்கட்டளைகளுக்கான தணிக்கைப் படிவம் 10பி-யில், அறங்காவலர், அவர்களின் உறவினர், அவர்களுக்குக் கணிசமான பங்குள்ள நிறுவனம் ஆகியோருக்கு அறக்கட்டளையின் பணமோ சொத்தோ போனதா என்று தனிப்பகுதியே உண்டு. பதில் வரித்துறைக்குப் போகிறது. கட்டணம் கட்டுகிற பெற்றோருக்கு அதில் ஒரு வரிகூட வருவதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு அலுவலகத்துக்கு எழுதிப் பார்த்தேன். "மூன்றாம் தரப்பினர் தகவல்" என்று பதில். கட்டண ஆணை பொதுவில் கிடைக்கும், அந்த ஆணைக்கு அடித்தளமான கணக்கு கிடைக்காது. அவுட்புட் உண்டு, இன்புட் ரகசியம்.

வவுச்சர் சரியாக இருந்தும் கணக்கு பொய்யாக இருக்க முடியும் என்பது எனக்குப் புரிந்தது சித்தி பெண்ணால். அவள் வேறொரு பள்ளியில் ஆசிரியை. மாதம் பிறந்தால் முழுச் சம்பளமும் வங்கிக் கணக்கில் விழும். இரண்டு நாளில் ஒரு பகுதியை ஏடிஎம்மில் எடுத்துக் கவரில் வைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வங்கி அறிக்கை, சம்பளப் பதிவேடு, அவள் கையெழுத்து, மூன்றும் ஒத்துப்போகும். எந்தப் புறத்தணிக்கையிலும் அது தேறிவிடும். "ஆடிட்டர் உன்கிட்ட ஏதாவது கேட்டாரா?" என்றேன். "அவரை நான் பார்த்ததே இல்லண்ணா. கார் மட்டும் நிக்கும்." ஸ்டாஃப் ரூமில் பத்து நிமிஷம் தனியாகப் பேசும் தைரியமுள்ள, தாளாளருக்குப் பதில் சொல்லத் தேவையில்லாத ஒரு ஆள் போதும், கவர் வெளியே வந்துவிடும். அப்படி ஒரு ஆளை யார் நியமிப்பது, யார் சம்பளம் தருவது? சிக்கலே அங்கேதான்.

பின்னாலிருந்து ஒருவர் கணக்கைத் தோண்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு டெல்லி நல்ல உதாரணம். மாடர்ன் ஸ்கூல் வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம், உதவிபெறாப் பள்ளிகள் லாபநோக்கற்ற அமைப்புகளுக்கான கணக்கியல்படி கணக்கு வைக்கவேண்டும், பள்ளிப் பணத்தை நடத்துகிற சங்கத்துக்கு மாற்றக்கூடாது என்றது. பிறகு ஆறாவது ஊதியக் குழுவைக் காரணம் காட்டிப் பள்ளிகள் கட்டணத்தை ஏற்றின. பெற்றோர் வழக்குப் போட, 2011இல் டெல்லி உயர் நீதிமன்றம் நீதிபதி அனில் தேவ் சிங் கமிட்டியை அமைத்தது. கமிட்டி பள்ளி பள்ளியாகக் கணக்கைப் பிரித்தது. ஊதியக் குழுவைச் சொல்லிக் கட்டணத்தை ஏற்றிவிட்டு அந்தச் சம்பளத்தை ஆசிரியருக்குத் தராத பள்ளிகள் இருந்தன. கையிருப்பே போதுமானதாக இருந்தும் ஏற்றிய பள்ளிகளும் இருந்தன. 9 சதவீத வட்டியோடு திருப்பிக் கொடுங்கள் என்று கமிட்டி பரிந்துரைத்தது. இவை எல்லாமே ஆடிட் ஆன கணக்குகள்தான்! அந்தப் பரிந்துரைகள் வரவர, கட்டணம் கட்டிய பிள்ளைகளில் பலர் பள்ளியைவிட்டே போயிருந்தார்கள்.

அரசுப் பள்ளியில் ஏட்டளவிலாவது நிலைமை மேல். கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆவது பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும் என்கிறது. மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது அதன் வேலை. நடைமுறையில் தீர்மான நோட்டு வீடு தேடி வந்து கையெழுத்து வாங்கிப் போகும் கதையும் கேட்டிருக்கிறேன். ஆனால் இலவசமாகப் படிக்கும் பிள்ளையின் அம்மாவுக்குக் கணக்குக் கேட்க உரிமை, பணம் கட்டும் எனக்கு வெள்ளைச் சீட்டு. உதவிபெறாத தனியார் பள்ளிக்கு அந்தப் பிரிவிலிருந்து விலக்கு.

கணக்குக் கேட்டால் பள்ளி நடத்த முடியாது என்று ஒரு நண்பர் வாதாடினார். பச்சையப்பர் கதையைச் சொன்னேன். 1794இல் அவர் உயில் எழுதிவிட்டு இறந்தபின் தர்மப் பணம் பல கைகளில் சிக்கிக் கிடந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றவர்கள் விடாமல் நீதிமன்றத்தில் கணக்குக் கேட்டு, கோயில் கைங்கரியங்கள் போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பியதால்தான் 1842இல் பச்சையப்பன் பள்ளி திறந்தது. கணக்குக் கேட்காமல் விட்டிருந்தால் அந்தப் பள்ளியே இல்லை. நண்பர் டீயைக் குடித்துவிட்டு, "அது அந்தக் காலம்" என்றார்.

ஆகஸ்டில் நாங்கள் ஐந்து பெற்றோர் சேர்ந்து பள்ளிக்கு ஒரு கடிதம் கொடுத்தோம். வெள்ளைச் சீட்டுப் பணம் எந்தக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது, உறவினர் நிறுவனங்களுக்கு எவ்வளவு போகிறது, கட்டணக் கமிட்டிக்குக் கொடுத்த வரவு செலவுக் கணக்கின் நகல் கிடைக்குமா? மூன்றே கேள்வி. எழுத்தில் பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து என்னை மட்டும் கூப்பிட்டார்கள். காபி வந்தது. கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கிளம்பும்போது வாசல் வரை வந்து சொன்னார்கள்: "உங்க பையன் நல்லா படிக்கிறான் சார். அவனைப் பத்தி யோசிங்க."

ஐந்து பேரில் இரண்டு பேர் கையெழுத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டாவது கடிதம் தயாராக இருக்கிறது. அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்கிறாள் மனைவி.