பெட்டியில் வைத்த சப்பாத்து

அலோர் ஸ்டார் மெர்கோங்கில் எங்கள் தாமானுக்குப் பின்னால் இருக்கும் திடலை ஒருமுறை சுற்றி வந்தால் ஏறக்குறைய 400 மீட்டர் இருக்கும். பாதிச் சுற்று ஓடியிருப்பேன், வலது கால் தரையில் படும் ஓசை மாறியது. ‘தப், தப்’ என்று கேட்டுக்கொண்டிருந்தது ‘சரக்’ என்று இழுத்தது. நின்று திரும்பிப் பார்த்தால், சப்பாத்தின் அடிப்பாகம் நாலடி பின்னால் புல்லில் கிடக்கிறது. காலில் மிஞ்சியது மேல்துணி மட்டும். ஓடிவந்த வழியெல்லாம் வெள்ளை நுரை பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது, தேநீரில் ஊறிய பிஸ்கட்டைப் போல.

அந்தச் சப்பாத்து அதுவரை ஒரு நாள்கூட என் காலில் ஏறியதில்லை. பினாங்குப் பால மாரத்தானுக்கென்று 2014-இல் 380 வெள்ளி கொடுத்து வாங்கினேன். அந்த வருடம் முழங்கால் வலி வந்தது. அடுத்த வருடம் மகள் பிறந்தாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம். ‘நல்ல ஓட்டத்துக்கு ஆகட்டும்’ என்று பெட்டியிலேயே, மெல்லிய காகிதம் சுற்றியபடியே வைத்திருந்தேன். வெளியே எடுத்தபோது புது வாசனைகூட இருந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை.

அப்பா வாசல் படியில் உட்கார்ந்திருந்தார். பீடோங் பக்கத் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். உதிர்ந்த நுரையில் கொஞ்சம் எடுத்து விரலுக்கிடையில் தேய்த்தார். பிசுபிசுவென்று ஒட்டியது.

“இதுல பாலே இல்லடா. என்னமோ மாவு மாதிரி இருக்கு.”

“ரப்பர் கீழ இருக்குப்பா, மெல்லிசா. நடுவுல இருக்கிறது வேற சாமான்.”

“அப்ப அந்த வேற சாமான்தான் செத்துப் போச்சு,” என்றார்.

அவர் சொன்னதில் பிழையில்லை. அன்றே சப்பாத்து அலமாரியில் கிடந்த எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். போடாமல் வைத்தவை, ஒன்றிரண்டு தடவை போட்டு மறந்தவை என, பொடிந்ததையும் சேர்த்து நான்கு ஜோடி தேறின. பெருவிரலால் அமுக்கி, குதிகாலையும் நுனியையும் பிடித்து வளைத்து, பிறகு காலில் மாட்டித் திடலில் நடந்து, மூன்று வாரம் சோதித்தேன். கூடவே 25 வெள்ளிக்கு ஓர் ஈரப்பதமானி வாங்கி அலமாரிக்குள் வைத்தேன்.

முதலில் செத்துப்போன சாமானைப் பற்றி. அது பாலியூரித்தேன் நுரை. காலை மெத்தென்று தாங்கும், சீக்கிரம் தட்டையாகாது என்பதால் நடுநுரையாக நிறைய ஓட்டச் சப்பாத்துகளிலும் கூடைப்பந்துச் சப்பாத்துகளிலும் பாதுகாப்புப் பூட்ஸுகளிலும் அதைப் போடுகிறார்கள். அதில் ஒரு வகை எஸ்டர் பிணைப்புகளால் ஆனது. தேய்மானத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் தண்ணீருக்கு எதிரி. மழைத் தண்ணீர் வேண்டியதில்லை, காற்றிலிருக்கும் ஈரமே போதும். நீர் மூலக்கூறு அந்தப் பிணைப்பை அறுத்து ஒரு பக்கம் அமிலத்தையும் மறுபக்கம் ஆல்கஹாலையும் விட்டுப் போகிறது. பள்ளிப் பாடத்தில் நீராற்பகுப்பு என்று படித்தது இதைத்தான். இதில் கொடுமை என்னவென்றால், அறுந்த இடத்தில் பிறக்கும் அமிலம் அடுத்த பிணைப்பு அறுவதை வேகப்படுத்துகிறது. அதனால்தான் பல வருடம் ஒன்றுமே தெரியாமல் இருந்துவிட்டுக் கடைசியில் ஒரே நாளில் பொடிகிறது. வெளியே பளபளப்பு, உள்ளே கரையான் அரித்த நிலைப்படி.

பொதுவாக ஐந்திலிருந்து பத்து வருடத்துக்குள் இது நடந்துவிடும் என்கிறார்கள். வெப்பமும் ஈரமும் கூடினால் இன்னும் சீக்கிரம். அலோர் ஸ்டாரின் சராசரி வெப்பம் 27, 28 டிகிரி. ஜனவரி, பிப்ரவரி வறட்சியை விட்டால் காற்றில் ஈரம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. என் அலமாரிக்குள் மானி காட்டியது 81. சுவரையொட்டிய அலமாரி, கதவு எப்போதும் மூடியே இருக்கும், பின்னால் குளியலறை. பாலியூரித்தேனைச் சாகடிக்க இதைவிட நல்ல அறையை நான் கட்டியிருக்க முடியாது.

இந்த நுரையின் மரணத்தை ஜப்பானியர்கள் நன்றாக அறிவார்கள். அங்கே சப்பாத்துப் பிரியர்கள் ‘கசுய் புன்காய்’ என்று அதற்கொரு பேரைச் சொல்லியே பேசுகிறார்கள். நாமோ அதே ஜப்பானிலிருந்து மூட்டையாக வரும் பழைய சாமான்களைப் பண்டல் கடைகளில் ஆசையாகக் கிளறுகிறோம். முப்பது, நாற்பது வெள்ளிக்குப் பேர்போன சப்பாத்து, தேயாத அடிப்பாகம் என்று கண் விரியும். தேயவில்லை என்றால் கிடப்பில் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். குதிகாலுக்குக் கீழே உள்ள நுரையை நகத்தால் அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்த குழி மீளாவிட்டாலோ, மயிரிழைபோல வெடிப்பு தெரிந்தாலோ, எவ்வளவு மலிவாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். உலகச் சேகரிப்பாளர்களுக்கும் இதே கவலைதான். 1988, 1989-இல் வந்த ஏர் ஜோர்டான் மூன்றையும் நான்கையும் கண்ணாடிப் பெட்டியில் பார்க்கலாம், போட்டு நடக்க முடியாது. 1985-இல் வந்த முதல் ஏர் ஜோர்டானுக்குக் கெட்டியான ரப்பர் அடிப்பாகம், அதனால் மூத்ததே பிழைத்துக் கிடக்கிறது.

இரண்டாவது ஜோடி, நாக்குத் துணியின் உட்புறச் சீட்டில் 2017 என்று அச்சிட்டிருந்த ஓட்டச் சப்பாத்து. இதன் நடுநுரை ஈ.வி.ஏ. என்னும் வேறு பொருள். 1970-களின் நடுவில் ஓட்டச் சப்பாத்துக்குள் நுழைந்து, இன்று விற்கும் பெரும்பாலானவற்றில் ஏதோ ஒரு வடிவில் இருப்பது. காற்றிலுள்ள ஈரம் இதை அப்படிப் பொடியாக்குவதில்லை. நம்பி ஐந்து சுற்று ஓடினேன், உதிரவில்லை. ஆனால் மூன்றாம் சுற்றிலேயே பாதம் குற்றம் சொல்ல ஆரம்பித்தது. பெருவிரலால் அமுக்கினால் பழைய மென்மை இல்லை, பலகை போல எதிர்க்கிறது. இந்த நுரையில் கோடிக்கணக்கான மூடிய குமிழ்கள் உண்டு. வருடக்கணக்கில் அவற்றிலிருந்து வாயு மெல்லக் கசிய, நுரை சற்றே சுருங்கி இறுகுகிறது. நடக்கவும் கடைத்தெருவுக்குப் போகவும் போதும். பத்துக் கிலோமீட்டர் ஓட இதை நான் யாருக்கும் தரமாட்டேன், குறிப்பாக வளரும் பிள்ளைகளுக்கு.

இதன் நுனியில் இன்னொரு தொல்லை. அடி ரப்பர் ஒரு விரற்கடை அளவு பிரிந்து வாய் திறந்திருந்தது. நுரை நல்லதானாலும் ஒட்டிய பசை பெரும்பாலும் பாலியூரித்தேன் வகைதான். அதற்கும் ஈரம் பகை, வெப்பமும் பகை. ஆலையில் பசையைச் சூடாக்கித்தான் ஒட்ட வைக்கிறார்கள். வெயிலில் நிறுத்திய காரின் பின்பெட்டியில் சப்பாத்தைப் போட்டு வைத்தால் அந்தப் பசை மறுபடி இளகுகிறது, ஈ.வி.ஏ. நுரையும் சுருங்கிப் பிடித்து இழுக்கிறது. மெர்கோங் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து நேரே பந்து விளையாடப் போகும் தம்பிகள் பலர் காரிலேயே சப்பாத்து வைத்திருப்பதைப் பார்க்கிறேன். தயவுசெய்து வீட்டுக்குள் கொண்டு போங்கள்.

பிரிந்த வாயை அலோர் ஸ்டாரில் ஐந்தடி நடைபாதையில் உட்காரும் சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்தேன். பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை பூசி, சுற்றிலும் தைத்துக் கொடுத்தார். 15 வெள்ளி. கெட்டியாக நிற்கிறது. பொடிந்த முதல் ஜோடியையும் நீட்டினேன். அவர் நுரையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட்டார். பசை எதன்மேல் பிடிப்பது? மேல்துணியை வைத்துக்கொண்டு அடிப்பாகம் முழுவதையும் மாற்றினால்தான் உண்டு.

மூன்றாவது, அண்ணன் மகனின் வெள்ளைப் பள்ளிச் சப்பாத்து. 2018-இல் கல்வியமைச்சு இனிப் பள்ளிகளுக்குக் கறுப்புச் சப்பாத்து என்று அறிவித்து, 2021-இல் அது கட்டாயமானது. இடைப்பட்ட காலத்தில் மலிவு விற்பனையில் வாங்கிய இரண்டில் ஒன்று போடாமலே நின்றுபோனது. கான்வாஸ் துணி, வல்கனைஸ் செய்த ரப்பர் அடி, நுரை கிடையாது. துணியில் பழுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம். ரப்பர் விளிம்பு மஞ்சளித்து, மேலே சாம்பல் பூத்தாற்போல வெள்ளைப் படிவு. அந்தப் படிவையும் பூஞ்சணம் என்று நினைத்து ஒரு துணியால் தேய்த்தேன், அதோடு வந்துவிட்டது. ரப்பரைக் காக்கவென்று ஆலையில் கலக்கும் மெழுகும் மிஞ்சிய கந்தகமும் காலப்போக்கில் மேலே கிளம்பி வருவது அது, கெட்டுப்போனதன் அடையாளம் இல்லை. வளைத்தால் முறியாமல் வளைந்தது. பக்கத்து லோரோங்கில் ஒரு சிறுவனுக்கு அளவு சரியாக இருந்தது. இப்போது அவன் அதைப் போட்டுக்கொண்டுதான் பந்து உதைக்கிறான்.

நான்காவதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச வேண்டும். அது அப்பாவுடையது. ஊரெல்லாம் ‘அடிடாஸ் கம்போங்’ என்று செல்லமாகச் சொல்லும் கறுப்பு ரப்பர் சப்பாத்து. அந்த ஜெர்மன் நிறுவனத்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பால்மரத் தோட்டத்தில் விடியுமுன் ஈரப்புல்லில் வழுக்காமல் நடக்கப் போட்டது, இன்று மலையேறும் இளைஞர்களும் காட்டு ஓட்டக்காரர்களும் தேடி வாங்குகிறார்கள். முழுக்க ரப்பர், ஒரே வார்ப்பு. பசை இல்லை, நுரை இல்லை, தையல் இல்லை. அடியில் முட்டு முட்டாகப் பிடிப்பு. வாங்கியபோது பத்து வெள்ளிகூட இல்லை. அப்பா வேலையை விட்டு நின்ற 2009-இல் தோட்டத்துக் கடையில் கடைசியாக வாங்கிய ஜோடி, காலில் போட வாய்ப்பில்லாமல் போனது.

பதினைந்து வருடத்துக்கு மேல் கிடந்தும் அது நின்றது. காலுறை போட்டுக்கொண்டு மழை ஓய்ந்த திடலில் நான்கு சுற்று நடந்தேன். பிடிப்புக்குக் குறைவில்லை. பாதத்துக்கு மெத்தை இல்லை, உள்ளே வேர்க்கிறது, பாத வளைவுக்குத் தாங்கல் இல்லை. இவையெல்லாம் பிறவிக் குறைகள், வயதால் வந்தவை அல்ல. வயது தந்த காயம் ஒன்றே ஒன்று. இடது சப்பாத்து மற்றப் பெட்டிகளின் அடியில் மடிந்து கிடந்திருக்கிறது. மடிந்த அந்தக் கோட்டில் மட்டும், குறுக்கே, நுண்ணிய வெடிப்புகள். காற்றில் கொஞ்சமாக இருக்கும் ஓசோன், இழுபட்டு நிற்கும் ரப்பரைத்தான் தேடி வெட்டும். தளர்வாக வைத்த வலது சப்பாத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்பாவுக்கு இது புதுச் செய்தியாகப் படவில்லை. “பச்சப் பாலை அப்படியே விட்டா நாறும். ஒட்டுப்பால் வெயில்ல கெடந்தா பிசினாயிரும். ஆசிட் ஊத்தி, உருட்டி, புகை போட்ட ஷீட்டு மட்டுந்தான் நிக்கும்” என்றார். 1833-இல் அமெரிக்காவின் ராக்ஸ்பரியில் ரப்பர் நிறுவனம் தொடங்கியவர்கள் இதைக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள். பதப்படுத்தாத ரப்பரில் அவர்கள் செய்த சப்பாத்துகள் கோடை வெயிலில் கிடங்கிலேயே உருகி நாறி, திரும்பி வந்தன. சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கந்தகத்தையும் சூட்டையும் சேர்த்து ரப்பரை நிலைப்படுத்தியதற்கு அந்தத் தோல்வியும் ஒரு தூண்டுதல். அந்தக் கண்டுபிடிப்பு வந்திராவிட்டால் சுங்கை பட்டாணியிலிருந்து கூலிம் வரை பால்மரம் எழும்பியிருக்காது. எங்கள் தாத்தாவும் கப்பல் ஏறியிருக்கமாட்டார்.

சேமித்து வைக்கும் முறைகளையும் பார்த்தேன். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பெட்டி நல்லது என்று பலர் நம்புகிறார்கள். என் மானியை அதற்குள் வைத்தபோது முதல் நாள் 79, பத்தாம் நாளும் 77. மூடும்போது இருந்த ஈரம் உள்ளேயே சிறைப்பட்டுக் கிடந்தது. நுரையிலிருந்து கிளம்பும் அமிலமும் அப்படித்தான் வெளியேற வழியின்றி நிற்கும். சப்பாத்தோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நம் காற்றில் சில நாளில் நிரம்பிவிடுகிறது. சமையலறைத் தராசில் 10 கிராம் இருந்த பொட்டலம் ஒரு வாரத்தில் ஏறக்குறைய 13 கிராம் ஆனது. அதற்கு மேல் அது வெறும் மணல். மணிகளைக் கொட்டி அடுப்பில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்தால் மறுபடி உதவும். நீல நிற மணிகளைச் சமையல் பாத்திரத்தில் சுடாதீர்கள், அதில் கோபால்ட் உப்பு இருக்கலாம். கடைசியில் பலன் தந்தது அலமாரிக் கதவைக் கழற்றி, அலமாரியைக் குளியலறைச் சுவரைவிட்டு வேறு சுவருக்கு மாற்றியதுதான். இப்போது மதிய நேரத்தில் 66 காட்டுகிறது.

வாரம் ஒருமுறையாவது போட்டு நடந்தால் நுரை அமுங்கி விரியும், ஈரம் ஒரே இடத்தில் தங்காது என்று சப்பாத்துத் தொழிலில் இருப்பவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. நம் வீடுகளில் நல்லதை எடுத்துவைப்பது ஒரு மரியாதை. ஓவர்டைம் காசில் பிள்ளைக்கு ஒரு நல்ல சப்பாத்து வாங்கி, தீபாவளிக்கு, விளையாட்டுப் போட்டிக்கு என்று பெட்டியில் பூட்டும் அம்மாக்களை எனக்குத் தெரியும். வேட்டி, சேலை, பித்தளைக் குடம், எல்லாம் அந்த அன்பைத் தாங்கும். நுரை தாங்காது. அந்த அம்மாக்களுக்கு இதைக் கடைக்காரர் சொல்வதில்லை, பெட்டியும் சொல்வதில்லை. பிஸ்கட் பொட்டலத்தில் தேதி போடுகிறார்கள். 400 வெள்ளிச் சப்பாத்தின் பெட்டிமேல் செய்த தேதியையும் நுரையின் பெயரையும் பெரிய எழுத்தில் போட என்ன தடை என்று எனக்குப் புரியவில்லை. நாக்கைப் புரட்டித் துணிச்சீட்டில் கடுகளவு எழுத்தைத் தேடினால்தான் மாதமும் வருடமும் கிடைக்கிறது.

போன வாரம் மகளுக்குச் சப்பாத்து வாங்கப் போனபோது அப்படித்தான் தேடினேன். பாதி விலைக்குக் குவித்திருந்த முதல் இரண்டு ஜோடியும் நான்கு வருடத்துக்கு முந்தியவை. கடைப் பெண் முதலில் திகைத்தாள், பிறகு அவளே குனிந்து ஒவ்வொன்றாக நாக்கைப் புரட்டி, “அண்ணே, இது இந்த வருஷம்” என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மகள் அதைப் பெட்டியில் திருப்பி வைக்கவிடவில்லை. போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.