'பயன்பாடு' என்று எதைச் சொல்கிறோம்?

கிராமப்புறப் பெண்களின் நவீன கருத்தடைப் பயன்பாட்டைத் தீர்மானிக்கும் காரணிகள் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே அச்சு. படிப்பு, வசதி, குழந்தைகள் எண்ணிக்கை, சுகாதார நிலையத்தின் தூரம், கடைசியில் ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரஷன். எனக்கு உறுத்துவது காரணிகள் இல்லை, 'பயன்பாடு' என்கிற அந்தச் சொல்தான்.

தேசியக் குடும்ப நல ஆய்வு-5 (2019-21) எடுத்துக்கோங்க. இந்தியாவில் 15-49 வயதுத் திருமணமான பெண்களில் நவீன முறையில் இருப்பவர்கள் 56.5%. இதில் 37.9 பெண்களின் கருத்தடை ஆபரேஷன். ஆண்கள் ஆபரேஷன்? 0.3. (கட்டுரைகளில் இதற்கு ஒரு வரிகூட கிடைக்காது.) ஆக, மூணில் ரெண்டு பங்கு 'பயனாளர்கள்' என்றோ ஒருநாள் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்.

இருபத்தஞ்சு வயசில் ஆபரேஷன் ஆனவர் நாற்பத்தஞ்சிலும் பயனாளர்தான். ஆனா மாடலுக்குள் போவது இன்றைய வீடு, இன்றைய தூரம். இருபது வருஷத்துக்கு முந்தைய முடிவை, போன வருஷம் வாங்கின பைக் எப்படி விளக்கும்?

படிப்பு விஷயத்தில் இன்னும் சிக்கல். படிக்காதவர்களிடம் ஆபரேஷன் அதிகம். படித்தவர்களிடம் ஆணுறை மாதிரி தற்காலிக முறைகள் அதிகம். ரெண்டையும் ஒரே கூடையில் போட்டால் ஒன்றையொன்று அடித்துவிடும். உடனே "கல்விக்குத் தாக்கம் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள்.

ஆபரேஷன் எந்த மாதம், எந்த வருஷம் நடந்தது என்று அதே ஆய்வு கேட்கிறது. இனிமே குழந்தை பிறக்காது என்று முன்கூட்டியே சொன்னாங்களா என்றும் கேட்கிறது. அந்தப் பதில்களை இவர்கள் திறந்தே பார்ப்பதில்லை.