பெற்றோர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?

பின்தங்கிக் கிடக்கிற பள்ளிக்கூடங்களைத் தூக்கி நிறுத்தப் பெற்றோரையும் ஊர்ச் சமூகத்தையும் உள்ளே கொண்டுவர வேண்டும் என்று கல்வி அதிகாரிகளும் தலைமையாசிரியர்களும் சொல்லி வருகிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனா இந்தப் பேச்சுக்குள் நுழையும்போதே 'பெற்றோர்', 'சமூகம்' என்கிற இரண்டு சொற்களும் சாதியைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்துவிடுகின்றன. ஊர் வேற, சேரி வேற என்று ரெண்டாக் கிடக்கிற மண்ணில் 'சமூகம்' என்று ஒருமையில் பேச எப்படி வாய் வருகிறது?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவைப் பற்றியது. உறுப்பினர்களில் நாலில் மூணு பங்கு பெற்றோர் அல்லது பாதுகாவலராக இருக்க வேண்டும். ஒடுக்கப்பட்ட, நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு விகிதாச்சாரப்படி இடம். பாதிப்பேர் பெண்கள். பள்ளி நடக்கிற விதத்தைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது, வருகிற பணம் செலவாகும் விதத்தைப் பார்ப்பது அவர்கள் வேலை. தமிழ்நாட்டில் 2022இல் அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். காகிதத்தில் இது சாதாரண அதிகாரமில்லை. வாத்தியார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டி நின்றவரின் பேரப்பிள்ளை இன்று அதே பள்ளியின் கணக்கைக் கேட்கலாம் என்று அர்த்தம்.

நடப்பில் என்ன நடக்குது? நான் பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டம் காலை பதினோரு மணிக்கு. நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போன பொம்பளைங்க அந்நேரம் எப்படி வருவாங்க? வந்தா அன்னிக்குக் கூலி போச்சு. அப்படியும் நாலைந்து பேர் வந்திருந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் யார், சுவரோரம் நின்றவர் யார் என்று பார்த்தாலே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். தீர்மான நோட்டில் தீர்மானம் ஏற்கனவே எழுதியிருந்தது. "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்றார்கள். எங்க தெரு அக்கா ஒருத்தர், "என்னா சார் எழுதியிருக்கு, கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க" என்று கேட்டார். "எல்லாம் உங்க புள்ளைங்க நல்லதுக்குத்தாம்மா" என்று பதில் வந்தது. கண்காணிக்கும் அதிகாரம் அத்தோடு முடிந்தது. அடுத்த பேச்சு, மைதானத்து முள்ளை வெட்ட எந்தத் தெருவிலிருந்து ஆள் வரும் என்பது. அதுக்கு மட்டும் எல்லாரும் எங்களைத் திரும்பிப் பார்த்தாங்க.

இந்த இடத்தில் ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1997இல் இந்தியில் வந்த தன்வரலாறு. அதை ஒரு தனிமனிதனின் துயரக் கதையாகவே பலரும் வாசிக்கிறார்கள். பள்ளிக்குள் ஒரு தலித் பெற்றோர் நுழைந்ததன் ஆவணமாக நான் வாசிக்கிறேன். தலைமையாசிரியர் சிறுவனை வகுப்பில் உட்காரவிடாமல் நாள் கணக்கில் பள்ளியைக் கூட்ட வைக்கிறார். தற்செயலாக அந்தப் பக்கம் வந்த தகப்பன் பார்த்துவிடுகிறார். மகன் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி எறிகிறார், தலைமையாசிரியரைச் சத்தம் போட்டுக் கேட்கிறார். அவரை யாரும் கூட்டத்துக்கு அழைக்கவில்லை, எந்தக் குழுவும் அவருக்கு இடம் தரவில்லை. பிள்ளையின் படிப்பில் பெற்றோர் பங்கேற்பு என்றால் இதைவிடப் பெரிய பங்கேற்பு ஏது?

ஆனா கதை அங்கே முடியவில்லை. அப்பனும் மகனும் வெளியே துரத்தப்படுகிறார்கள். அந்த மனிதர் ஆதிக்கசாதி வீடுகளின் வாசலில் ஏறி இறங்குகிறார். கடைசியில் ஊர்ப் பிரதான் சொல்லித்தான் பையன் மறுபடி பள்ளிக்குள் போக முடிந்தது. கேள்வி கேட்டவர் தகப்பன். கதவைத் திறந்தது ஊர்ப் பெரிய மனிதரின் வாய்ச்சொல். இன்றைய மேலாண்மைக் குழுக்களை அளக்க என்னிடம் உள்ள அளவுகோல் இதுதான். பெரிய மனிதரின் தயவு இல்லாமல் சேரியிலிருந்து வருகிற ஒரு தாயின் கேள்விக்குப் பதில் கிடைக்குமா?

தயவை நம்பாமல் கேட்ட வரலாறும் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருவிதாங்கூரில், புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கக் கேட்டு அய்யங்காளி தலைமையில் கூலிகள் வயலில் இறங்க மறுத்தார்கள். ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்கிற சிறுமியை அவர் பள்ளிக்கு அழைத்துப் போனபோது சாதி இந்துக்கள் அந்தப் பள்ளியையே கொளுத்தினார்கள். சமூகம் பள்ளியில் தலையிட்டது என்றால் ரெண்டு பக்கமும் தலையிட்டது. ஒரு பக்கம் நுழைய, இன்னொரு பக்கம் எரிக்க.

இது பழைய கதை என்று தள்ள முடியாது. 2018இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர்கள் திரண்டார்கள். அதிகாரி உடனே அந்தப் பெண்ணை இடமாற்றினார். எதிர்ப்பு எழுந்த பிறகுதான் அந்த உத்தரவு ரத்தானது. பங்கேற்பு, பங்கேற்பு என்கிறவர்கள் இதை எந்தக் கணக்கில் வைப்பார்கள்? பெற்றோர் வந்தார்கள், பேசினார்கள், நிர்வாகமும் காது கொடுத்தது. எல்லாம் உங்க பாடத்தில் சொன்ன மாதிரியேதான் நடந்திருக்கு!

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சக மாணவர்கள் கொடுத்த தொல்லையைப் பள்ளியில் சொன்ன தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப்போன தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த ஒரு நபர் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளியில் வாய் திறப்பதற்கு எங்க பிள்ளைகள் என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதை இதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, "அவங்க வர்றதே இல்லை, அக்கறை இல்லாத ஜனங்க" என்கிற ஆசிரியர் அறைப் பேச்சை முதலில் நிறுத்துங்கள். கூட்டத்தை வேலை முடிந்த சாயங்காலத்தில் வையுங்கள். ஒருமுறையாவது எங்க தெருவில் வையுங்கள், தலைமையாசிரியர் நடந்து வரட்டும். தீர்மானத்தைக் கையெழுத்துக்கு முன்னால் சத்தமாகப் படியுங்கள். வந்தவர் எல்லாருக்கும் ஒரே மாதிரி நாற்காலி போடுங்கள். கேள்வி கேட்ட தாயின் பிள்ளை மறுநாள் வகுப்பில் பழிவாங்கப்படாது என்று பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்த பிறகு நாங்கள் வரவில்லை என்றால், அப்போது எங்க அக்கறையைப் பற்றிப் பேசலாம்.