பெயரில்லாத இருவர்: சில பழைய புகைப்படங்களும் ‘காதல்’ என்கிற சொல்லும்

2000ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலம் டல்லஸ் நகரில் ஒரு பழம்பொருள் கடை. அங்கே பழைய போட்டோக்களைக் கிளறிக்கொண்டிருந்த ஹியூ நினி, நீல் ட்ரெட்வெல் என்கிற ஆண் இணையர் கையில் ஒரு படம் சிக்குகிறது. 1920 வாக்கில் எடுத்தது. ஒரு வீட்டின் முன்னால் இரண்டு இளைஞர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கேமராவைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். உலகத்திலேயே இப்படி ஒரு படம்தான் மிஞ்சியிருக்கும் என்று நினைத்து அதை வாங்கிப் போனார்கள். இருபது வருடத்தில் அந்த ஒன்று 2,800க்கும் மேலாகப் பெருகியது. அதில் முந்நூற்றுச் சொச்சம் படங்கள் 2020இல் ‘லவ்விங்’ என்ற பெயரில் நூலாயின. 1850களிலிருந்து 1950கள் வரை ஆண்களிடையிலான காதலின் படங்கள் என்பது நூலின் அறிவிப்பு. 2023இல் அவை ஜெனீவாவின் ராத் அருங்காட்சியகச் சுவர்களில் ஏறின.

ஜெனீவா போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். நூலை நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி, அவர் இரண்டு தடவை திருப்பிக் கேட்கிற வரை வைத்திருந்து எழுதுவது இது. சுவரில் தொங்குகிற படத்துக்கும் மடியில் விரிகிற படத்துக்கும் வேறுபாடு உண்டுதான். ஆனால் இந்தப் படங்கள் சுவருக்காகவும் எடுக்கப்பட்டவை அல்ல. சட்டைப்பைக்காக, கடிதத்துக்குள் வைத்து மடிப்பதற்காக, பெட்டியின் அடித்தட்டில் துணிக்குக் கீழே கிடப்பதற்காக எடுக்கப்பட்டவை. அவற்றைச் சுவரில் மாட்டி வெளிச்சம் போடுகிறபோது என்ன நடக்கிறது என்பதுதான் நம் கேள்வி.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும், அது இல்லாமல் இந்தப் படங்களைப் பற்றிப் பேசுவது வெறும் ரசனைப் பேச்சாகிவிடும். அந்த முதல் படத்தை டல்லஸில் அவர்கள் வாங்கியபோது டெக்சஸில் ஆணும் ஆணும் கூடுவது குற்றம். அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது 2003இல். அதாவது படத்தில் இருந்தவர்கள் மட்டுமல்ல, அதைக் காசு கொடுத்து வாங்கியவர்களும் சட்டத்தின் கண்ணில் குற்றவாளிகள்தான். சுவிட்சர்லாந்தில் ஒருபால் திருமணம் செல்லும் என்றானது 2022 ஜூலையில். அடுத்த வருடமே கண்காட்சி. அருங்காட்சியகங்களின் தைரியம் எப்போதும் சட்டத்துக்கு ஒரு எட்டு பின்னால்தான் வரும் போலிருக்கிறது. அதே 2023 அக்டோபரில் நம்ம உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட திருமணத்தை அங்கீகரிக்கிற வேலை தன்னுடையதல்ல, பாராளுமன்றத்தினுடையது என்று சொல்லிக் கையைக் கழுவியது. 1860இன் தண்டனைச் சட்டத்தில் வெள்ளைக்காரன் எழுதிவைத்த 377ஆம் பிரிவிலிருந்து வயது வந்தோர் மனமொப்பிச் சேர்வதை விலக்கவே 2018 ஆகிவிட்டது நமக்கு.

இனி படங்களுக்கு வருவோம். ஒரு படத்தில் இருப்பவர்கள் காதலர்களா என்று எப்படி முடிவு செய்தார்கள்? சேகரித்தவர்களே சொல்லும் அளவுகோல் இது: கண்ணில் தெரிகிற பார்வை, அதோடு குறைந்தது ஐம்பதுக்கு ஐம்பதாவது உறுதி இருக்க வேண்டும். படங்களில் பெரும்பாலானவர்களுக்குப் பெயரில்லை, ஊரில்லை. பார்வையை வைத்துத்தான் தீர்ப்பு. ஒரு படத்தில், ‘கல்யாணம் ஆகவில்லை, ஆனால் சம்மதம்’ என்ற பொருளில் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு இருவர் நிற்கிறார்கள். அதுகூடக் கேலியாக இருக்கலாமே என்றால், இருக்கலாம். சட்டம் கழுத்துக்கு மேல் தொங்கும்போது கேலியாக மட்டுமே சொல்ல முடிகிற விஷயங்கள் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த இடத்தில் ஆய்வாளர்கள் பக்கமிருந்து ஒரு தடை வரும், அதை லேசில் தள்ளிவிட முடியாது. ஜான் இப்சன் 2002இல் வெளியிட்ட நூல், அமெரிக்க ஆண்களின் அன்றாடப் புகைப்படங்களை ஆயிரக்கணக்கில் வரிசைப்படுத்திப் பார்த்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படங்களில் ஆண்கள் மடியில் உட்கார்கிறார்கள், கையைப் பிடித்துக்கொள்கிறார்கள், தோளில் சாய்கிறார்கள். ஸ்டுடியோவில் அது சகஜம். இருபதாம் நூற்றாண்டு நகர நகர உடல்கள் விலகுகின்றன. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களிடையே மறுபடி கொஞ்சம் நெருக்கம். 1950களில் மறுபடி விறைப்பு. காரணம், இடையில் ஒரு பெயர் வந்துவிட்டது. ‘ஹோமோசெக்சுவல்’ என்கிற சொல் முதன்முதலில் அச்சேறியது 1869இல், ஒரு ஜெர்மன் துண்டறிக்கையில். அது மருத்துவர் கைக்கும் போலீஸ்காரன் கைக்கும் போய், கடைசியில் தெருவுக்கு வந்தபோது, தோளில் கிடந்த கையெல்லாம் தன்னைத்தானே சந்தேகப்படத் தொடங்கியது. பூக்கோ சொன்னதை நம்மில் பலர் மனப்பாடமாகவே வைத்திருக்கிறோம். இந்தப் படங்களில் அது தோலும் சட்டையுமாகத் தெரிகிறது.

எனில், 1860இல் பிடித்த கையும் 1940இல் பிடித்த கையும் ஒரே குறியல்ல. முன்னதில் அது வழக்கம், பின்னதில் துணிச்சல். நூறு வருடப் படங்களை ஒரே தலைப்பின் கீழ் வைக்கிற ‘லவ்விங்’ இந்த வேறுபாட்டை வழித்தெடுத்துவிடுகிறது. கண்காட்சியின்மீது எனக்குள்ள பெரிய குறை இதுதான். எல்லாக் காலத்திலும் காதல் ஒன்றே என்பது கேட்க இனிமையான பெருங்கதையாடல். 1940இல் பிடித்த கைக்கு அது அநியாயம்.

நமக்கு இது புரியாத விஷயமல்ல. மதுரையில் ஒரு பஸ் ஸ்டாண்டில் அரைமணி நேரம் நின்று பாருங்கள், சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு நடக்கிற ஆண்கள் எத்தனை பேர் என்று. வெளியூர்க்காரன் போட்டோ எடுத்துக்கொண்டு போய் ‘காதல்’ என்று தலைப்புக் கொடுத்தால் சிரிப்போம். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு தந்திரமும் இருக்கிறது. ‘அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, சிநேகிதம்’ என்று சொல்லி முடிப்பதற்கு வசதியான சமூகம் இது. அத்தனை சுண்டுவிரல்களில் ஒன்றுகூடக் காதலின் விரலாக இருக்காது என்று நமக்கு எப்படித் தெரியும்?

கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் நம்ம முன்னோர்கள்தானே என்று தன்பாலீர்ப்பு இயக்க நண்பர்கள் கேட்பதுண்டு. தமிழ் எம்.ஏ. படித்தவன் என்கிற முறையில் என்னிடம் கேட்கிறார்கள். பேராசிரியர்கள் இதைக் கேட்டால் கோபப்படுவார்கள், உணர்ச்சி ஒத்த நட்பு என்று உரை சொல்வார்கள். நான் கோபப்படுவதில்லை. வடக்கிருந்து சாகப்போகிற வேளைவரை ஒருவரையொருவர் நேரில் பார்த்திராத இருவர் அவர்கள். பார்வையே சான்று என்கிற அளவுகோலில் அவர்கள் முதல் கல்லிலேயே தோற்றுப்போவார்கள். அவர்களிடையே இருந்ததற்கு இன்றைய பெயர் எதுவும் பொருந்தாது. ‘நட்பு’ என்று நாம் இன்று புழங்கும் வெளிறிப்போன சொல்லும் பொருந்தாது என்பதைப் பேராசிரியர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

நூலின் தலைப்பைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான் சிக்கல் எனக்கே உறைத்தது. ‘லவ்’ என்பதற்குள் நண்பனும் தாயும் காதலியும் இருக்கலாம். நம் பழைய இலக்கியத்தில் ‘காதல்’ என்பதும் அப்படித்தான், மகன்மேல் வைத்ததும் காதல்தான். நாவலும் சினிமாவும் வந்த பிறகு அது ஆண்-பெண் விவகாரமாகச் சுருங்கிவிட்டது. இப்போது ‘அன்பு’ என்று போட்டால் யாருக்கும் வலிக்காது, ‘காதல்’ என்று போட்டால் உரிமை கோருவதாகும். நான் ‘காதல்’ என்றே போடுவேன். பாதிப் படங்களில் அது தப்பாகப் போகலாம். இத்தனை காலமும் தப்பு மறுபக்கத்திலேயே விழுந்துகொண்டிருந்தது: எல்லா இருவரும் நண்பர்கள், எல்லா இருவரும் ஒண்ணுவிட்ட சகோதரர்கள், எல்லா இருவரும் அறைத்தோழர்கள் என்று. அப்போது யாரும் ஐம்பது சதவீத உறுதிகூடக் கேட்கவில்லை. மேலே கால வேறுபாட்டை வழித்தெடுக்கிறார்கள் என்று குறை சொன்னதும் நான்தான், இதைச் சொல்வதும் நான்தான். இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த நூலில் எனக்கு அதிகம் பிடித்தது படம் எடுத்த கருவிகளின் கதை. ஸ்டுடியோப் படத்தில் இருவர் என்று நாம் சொல்கிறோம், உண்மையில் மூவர். கேமராவுக்குப் பின்னால் ஒருவன் இருக்கிறான். ஆரம்பகாலப் படங்களில் பல நொடிகள் அசையாமல் இருந்தாக வேண்டும். கை தற்செயலாகப் பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது, பட்ட கையை அத்தனை நேரம் அங்கேயே வைத்திருக்க மூன்று பேரும் சம்மதித்திருக்க வேண்டும். அந்த மூன்றாமவனைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாது. அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் பரவிய ‘டின்டைப்’ மெல்லிய இரும்புத் தகட்டில் நேராகப் பதிவது. நெகடிவ் கிடையாது, பிரதி கிடையாது. ஒன்றே ஒன்று, அதை யார் வைத்துக்கொண்டார்கள்? 1888இல் கோடாக் வந்து கேமரா வீட்டுக்குள் நுழைந்தபோது வேறு சிக்கல்: பட்டனை நீங்களே அழுத்தலாம், ஆனால் ரோலைக் கழுவக் கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அங்கே எத்தனை கண்கள்!

அப்புறம் 1925இல் நியூயார்க் பிராட்வேயில் அனடோல் ஜோசஃபோ என்பவர் வைத்த தானியங்கி போட்டோப் பெட்டி. இருபத்தைந்து சென்ட் காசு, எட்டுப் படம். திரைச்சீலையை இழுத்து மூடிக்கொள்ளலாம். எடுப்பவன் இல்லை, கழுவுகிறவன் இல்லை, நெகடிவும் இல்லை. நகரத்தின் நடுவில், கூட்டத்துக்குள், ஒரு சீலைக்குப் பின்னால் சில நொடி நேரத் தனிமை. நூலில் இந்தப் பெட்டிப் படங்களில் இருவர் முத்தமிடுவதைப் பார்க்கிறபோது நூற்றாண்டு கால ஸ்டுடியோ விறைப்பு அப்படியே கழன்று விழுகிறது. மூன்றாவது கண்ணை இயந்திரம் வெளியேற்றிவிட்டது. இப்போது அந்த மூன்றாவது கண்ணாக நாம் வந்து உட்கார்ந்திருக்கிறோம், நூறு வருடம் தாமதமாக, டிக்கெட் எடுத்துக்கொண்டு. ரோலான் பார்த் 1980இல் வந்த தன் நூலில் அம்மாவின் சிறுவயதுப் படத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு அந்தப் படத்தை மட்டும் அச்சிட மறுத்தார். இங்கே மறுக்க யாரும் இல்லை. உரிமையாளர்கள் பெயரற்றவர்கள்.

பெயர் என்றதும் தொல்காப்பியம் நினைவுக்கு வராமல் போகாது. அகத்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டக்கூடாது என்பது விதி. பாண்டியனின் வேம்பு வேலில் தெரிந்துவிட்டது என்பதற்காக நெடுநல்வாடையைப் புறம் என்று சொன்ன உரைமரபு நம்முடையது. அப்படியானால் பெயரில்லாத இந்த இருவர்கள் சுத்தமான அகம் அல்லவா என்று எழுதிவிடக் கை பரபரக்கிறது. அழகான வாக்கியமாகவும் இருக்கும். ஆனால் அது பொய். அகப்பாட்டில் பெயரை விடுவது கவியின் தேர்வு. இங்கே பெயர் போனது வேறு வழியில். வீட்டுச் சாமான்கள் ஏலம்போன பிறகு, ஆல்பம் பிய்ந்து ஷூ டப்பாவுக்குள் விழுந்த பிறகு, எச்சில் தொட்டு யாரோ பெயரை அழித்த பிறகு அல்லது எழுதவே பயந்த பிறகு. இந்த இழப்பை ‘மர்மம்’ என்று மாற்றி விற்கிற வேலையைக் கண்காட்சிகள் செய்யும், நாமும் சேர்ந்து செய்ய வேண்டியதில்லை.

பெயர் இருந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? நியூயார்க் ஸ்டேட்டன் தீவில் ஆலிஸ் ஆஸ்டன் (1866–1952) என்கிற புகைப்படக்காரி இருந்தார். பெண்கள் ஒருவரையொருவர் அணைத்து நிற்கிற படங்களை 1890களிலேயே எடுத்தவர். கெர்ட்ரூட் டேட் என்ற பெண்ணோடு ஐம்பதாண்டுக்கும் மேலாகத் துணையாக இருந்தார். 1929 சரிவில் பணம் போய், 1945இல் வீடும் போய்ப் பிரிக்கப்பட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்ற ஆசையைக் குடும்பங்கள் ஏற்கவில்லை. அவர் வீடு 1985இல் அருங்காட்சியகமானது. பெயர், தேதி, கண்ணாடித் தகடுகள் எல்லாம் பத்திரமாக இருந்தன. ஆனால் அந்த உறவைப் பற்றி அருங்காட்சியகம் நீண்ட காலம் வாய் திறக்கவில்லை. 2017இல்தான் தேசியப் பதிவேட்டில் அந்த இடத்தின் வரலாறு திருத்தப்பட்டது. ஜெனீவாவில் பெயர் தெரியாத ஆண்களுக்குக் காதல் கிடைக்கிறது. ஸ்டேட்டன் தீவில் பெயர் தெரிந்த பெண்களுக்கு அது முப்பது வருடம் மறுக்கப்பட்டது. ‘லவ்விங்’கில் பெண்கள் இல்லை என்பதை அதன் வரம்பு என்று விட்டுவிடலாம். பெண் இணையரின் படங்களுக்கு இத்தனை பெரிய சுவர் எங்கே கிடைத்தது என்று கேட்காமல் விட முடியாது.

போன வருடம் பெரியப்பா இறந்து சாமான் பிரித்தார்கள். வெண்கலப் பானை ஒருவருக்கு, கடிகாரம் ஒருவருக்கு. ட்ரங்குப் பெட்டிக்கு அடியில் ஒரு ஸ்டுடியோப் படம். வர்ணம் தீட்டிய பால்கனிக்கு முன்னால் பெரியப்பாவும் இன்னொருவரும், இரண்டு பேருக்கும் ஒரே துணியில் சட்டை, பெரியப்பாவின் கை அவர் முழங்காலில். யாரும் கேட்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். யாரத்தை இது என்றேன். ‘அவருக்கு ரொம்ப சிநேகம்டா, மில்லுல வேலை பார்த்தாரு, நம்ம வீட்ல சாப்பிட்டிருக்காரு’ என்றாள். பெயர் மட்டும் வரவில்லை. படத்தின் பின்னால் பென்சிலில் பெரியப்பா பெயரை எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறேன். அத்தைக்கு எண்பத்தொன்று ஆகிறது. பொங்கலுக்குப் போகும்போது மறுபடி கேட்க வேண்டும்.